மாஸ்டர் சொன்னது இடப்பக்கம்

ஒரு உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவின் ஸ்காபரோவில் இருபத்தேழு பேருக்கு நான் கார் ஓட்டப் பழக்கினேன். அந்தக் காலத்தில் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

லைசென்ஸ் இருந்தது. அதில் பொய்யில்லை. மூன்றாம் தரம் சோதனைக்குப் போய் எடுத்த அசல் லைசென்ஸ். ஆனால் லைசென்ஸ் வைத்திருப்பதும் கார் ஓட்டத் தெரிவதும் வேறு வேறு என்பது எனக்கு விளங்குவதற்கு ஒரு பெண்ணின் வேலை போகவேண்டியிருந்தது. இந்தக் கதையை எங்கள் வீட்டில் வருஷத்துக்கு இரண்டு தரமாவது யாராவது எடுத்துவிட்டுச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் ஒருவரும் அதை முழுதாகச் சொல்வதில்லை.

யாழ்ப்பாணத்தில் நான் கெமிஸ்ட்ரி ரியூசன் மாஸ்டர். கொட்டகை நிறையப் பிள்ளைகள். என்னுடைய கெட்டித்தனம் கெமிஸ்ட்ரி அல்ல. சோதனையில் என்ன கேள்வி வரும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் என் கெட்டித்தனம். பத்து வருஷத்துப் பழைய வினாத்தாள்களை விரித்து வைத்து, இந்த வருஷம் இது வரும், இது வராது என்று எதிர்பார்க்கை வினாக்கள் எழுதிக் கொடுப்பேன். பாதிக்கு மேல் சரிவரும். பிள்ளைகள் பாடத்தை விளங்கிக்கொண்டார்களா என்று நான் கேட்டதேயில்லை (விளங்கினால் பிறகு எதற்கு ரியூசன்?).

ரொறொன்ரோவுக்கு அகதியாக வந்து சேர்ந்தபின் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். அங்கே யாரும் என்னை மாஸ்டர் என்று கூப்பிடவில்லை. "ஏய்" என்றுதான் கூப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் அதுவே என் பெயராகிவிட்டது. தெருவில் யாராவது யாரையாவது "ஏய்" என்றால் நான் திரும்பிப் பார்ப்பேன்.

அப்போது நாங்கள் ஸ்காபரோவில் டோர்செட் பார்க் பகுதியில் ஒரு உயரமான அபார்ட்மென்டில் இருந்தோம். வெளியிலிருந்து பார்த்தால் அது குடியிருப்பு. உள்ளே அது ஒரு சந்தை. நாலாம் மாடியில் தலைமயிர் வெட்டுவார்கள். ஏழாம் மாடியில் இடியப்பம், விடியமுன்னம் சொல்லிவைத்தால் பின்னேரம் கிடைக்கும். ஒன்பதாம் மாடி அன்ரி சாறிச் சட்டை தைப்பா. பதினோராம் மாடி அங்கிள் குடிவரவுப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பார், அவர் ஊரில் தபாலதிபராக இருந்தவர். ஒருவரிடமும் பெயர்ப்பலகை இல்லை, அனுமதிப் பத்திரம் இல்லை. லிஃப்டில் நின்று மூக்கால் பார்த்தே எந்த மாடியில் என்ன தொழில் என்று சொல்லிவிடலாம். ஊரில் பெற்றோல் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனத்துக்கு, அனுமதி இல்லாமல் ஒரு கடை நடத்துவது பெரிய காரியமா?

எனக்கும் ஒரு தொழில் தேவைப்பட்டது. அதைவிட, யாராவது என்னை மறுபடியும் மாஸ்டர் என்று கூப்பிடவேண்டியிருந்தது.

சோதனையில் இரண்டு தரம் பெயிலானபோதுதான் அந்த வழி தென்பட்டது. சோதனை நிலையத்துக்கு எதிரே ஒரு டோனட் கடை. அதில் மூன்று நாள் ஒரே கோப்பியோடு குந்தியிருந்து, சோதனைக்குப் போகும் கார்கள் எந்தப் பக்கம் போகின்றன, எந்தப் பக்கத்தால் வருகின்றன என்று பார்த்தேன். நாலாம் நாள் சிலவற்றின் பின்னாலேயே நடந்தும் ஓடியும் போனேன். இருந்தது இரண்டே இரண்டு பாதை! நாள் முழுக்க அந்த இரண்டு பாதையிலேயே மாறி மாறிக் கூட்டிப்போனார்கள். பத்து வருஷ வினாத்தாளில் திரும்பத் திரும்ப வந்த கேள்வியைக் கண்டுபிடித்த அதே சந்தோஷம் எனக்கு. அந்த இரண்டையும் வரி வரியாகப் பாடமாக்கினேன். மூன்றாம் தரம் பாஸ்.

பிறகு எழுதினேன், பதினொரு பக்கத்தில் நோட்ஸ். தமிழில், படங்களோடு. 'பாதை ஒன்று', 'பாதை இரண்டு' என்று இரண்டு பாகம். "நீலக் கதவு வீட்டைத் தாண்டியதும் கண்ணாடி பார்க்கவும். பிளாஸ்டிக் கொக்கு இரண்டு நிற்கும் முற்றத்தடியில் இடப்பக்கம் சிக்னல் போடவும். வாசலில் தொப்பிக்காரக் கிழவர் கதிரை போட்டு இருப்பார், அவரைக் கண்டதும் வேகத்தை நாற்பதுக்குக் குறைக்கவும்." ஏழாம் பக்கத்தில் சோதகர்களைப் பற்றி ஒரு தனிக் குறிப்பு, அவர்களுடைய முகங்களையும் படமாகக் கீறியிருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் அடியில் என் பெயர், அதற்குப் பக்கத்தில் பட்டம், அதற்குப் பக்கத்தில் வீட்டுத் தொலைபேசி இலக்கம். ரியூசன் மாஸ்டர் புத்தி. 'வெற்றி நிச்சயம்' என்றும் போட்டிருந்தேன்.

ஒரு பழைய கார் வாங்கினேன். ஓட்டுநர் பள்ளிக் கார்களில் பழக்குகிறவர் பக்கம் இரண்டாவது பிரேக் இருக்கும். என்னுடையதில் என் இடது கைதான் இருந்தது. அது எப்போதும் கைப் பிரேக்கைப் பிடித்தபடி இருக்கும். அந்தக் காரில் நான் பழக்கியதெல்லாம் அந்த இரண்டு பாதைகளில் மட்டும்தான். வேறு வீதியில் போவது வராத கேள்விக்குப் படிப்பது மாதிரி. நேரம் வீண்.

பிள்ளைகள் பாஸாகினார்கள். (அறுபது வயதானாலும் என்னிடம் படித்தால் பிள்ளைதான்.) சோதனை நிலையத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போவேன். அங்கே யாராவது "நீ யார்?" என்று கேட்டால், அனுமதி இல்லாத ஆசிரியன் என்று சொல்ல முடியாதே? "தம்பி" என்பேன். வயது பார்த்து "அண்ணன்" என்பேன். ஒருவருக்குச் சித்தப்பாவாகவும் இருந்திருக்கிறேன்.

இருபத்தெட்டாவது ஆளாக மலர் அக்கா வந்தா.

மட்டக்களப்புப் பக்கம். எங்கள் கட்டிடத்தில் ஆறாம் மாடியில் இன்னொரு குடும்பத்தோடு ஒரு அறையில் இருந்தா. கணவரை ஒருநாள் விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள், திரும்பி வரவில்லை. இரண்டு பிள்ளைகளையும் தங்கையிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தா. மூத்தவளுக்கு ஒன்பது, சின்னவனுக்கு ஆறு. பிள்ளைகளைக் கூப்பிடுகிற படிவத்தோடு நிரந்தர வேலைக் கடிதம் ஒன்று வைத்து அனுப்பினால் கெதியில் அலுவல் முடியும் என்று பதினோராம் மாடி அங்கிள் சொல்லியிருந்தார். ரொறொன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில் ஒரு தொழிற்சாலையில் வேலையும் சரிவந்திருந்தது. நவம்பர் முதல் திங்கள், காலை எட்டு மணிக்கு நிற்கவேண்டும். அந்தப் பக்கம் பஸ் இல்லை. "லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டார்களாம், அக்கா "ஓம்" என்று சொல்லிவிட்டு நேரே என் வீட்டுக் கதவைத் தட்டினா.

"சேர், வியாழக்கிழமை சோதனைக்கு நாள் எடுத்திருக்கன். ஒரு தரத்தில பாஸாகணும். ஏலுமா?"

"அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. நோட்ஸைப் பாடமாக்குங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்."

என் மனைவி சாந்தி குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள். அக்கா போனபிறகு சொன்னாள்:

"அந்த மனிசிக்குப் பிள்ளையளின்ர விசயம். உங்கட கொக்கு விளையாட்டை அவவோட விளையாடாதேங்கோ."

"கொக்கு விளையாட்டோ? இருபத்தேழு பேர் பாஸ்!"

"இருபத்தெட்டாவதும் பாசானால் சந்தோசம்" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போனாள்.

மலர் அக்காவைப் போல ஒரு மாணவி எனக்கு யாழ்ப்பாணத்திலும் வாய்க்கவில்லை. நாலு நாளில் பதினொரு பக்கமும் பாடம். சாமான் வாங்கும் கடையில் கண்டு "பாதை இரண்டு, மூன்றாம் திருப்பம்?" என்று கேட்டால், கையில் மரக்கறிப் பையோடு "கொக்கு வீடு சேர், இடப்பக்கம், முதல்ல கண்ணாடி, பிறகு சிக்னல், பிறகு தோளுக்கு மேலால ஒரு பார்வை" என்று ஒப்புவிப்பா. காரில் ஏறினாலும் கை நடுங்காது. கியர் போடுவதிலும் பின்னால் எடுப்பதிலும் ஒரு தயக்கமும் இருக்காது. எல்லாம் என் நோட்ஸின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை கடைசி வகுப்பு. யாழ்ப்பாணத்தில் சோதனைக்கு முதல்நாள் பிள்ளைகளுக்குச் சொல்வதை அக்காவுக்கும் சொன்னேன்.

"அக்கா, சோதிக்கிறவை கேள்வியை மாத்திக் கேப்பினம். ஆளைக் குழப்பத்தான். நீங்கள் குழம்பக்கூடாது. கேள்வி மாறினாலும் விடை மாறாது. விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு சேர்."

கெமிஸ்ட்ரிக்கு அது நல்ல புத்திமதி.

வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு சோதனை நிலையத்துக்குப் போனேன். கண்ணாடி போட்ட, உயரமான, நரைத்த கொண்டைக்காரச் சோதகர்தான் வந்தா. என் நோட்ஸில் ஏழாம் பக்கம். அக்கா என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினா. நானும் ஆட்டினேன். கார் வாசலைத் தாண்டி வலப்பக்கம் போனது. பாதை இரண்டு. எனக்குப் பெரிய நிம்மதி. பாதை இரண்டு லேசு. உள்ளே போய்க் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

காருக்குள் நடந்ததை அக்காவிடமிருந்தும் சோதகரிடமிருந்தும் பிறகு கேட்டுத் தைத்ததுதான் இது.

அந்தக் கிழமை கொக்கு வீட்டு வீதியைத் தண்ணீர்க் குழாய்க்காகக் கிண்டத் தொடங்கியிருந்தார்கள். நான் செவ்வாயும் புதனும் அக்காவைப் பாதை ஒன்றில்தான் ஓடவிட்டிருந்தேன், ஆகவே ஒன்றும் தெரியாது. சந்தி வந்தது. சோதகர் தெளிவாக, மெதுவாக, "வலப்பக்கம் திரும்பு" என்றா. அக்காவுக்கு அது நன்றாகவே கேட்டது, விளங்கவும் செய்தது. வலம் எது, இடம் எது என்பதிலும் அவவுக்குக் குழப்பமில்லை. ஆனால் எதிரே கொக்கு இரண்டும் நின்றன. கொக்கடியில் இடப்பக்கம். கேள்வியை மாற்றிக் கேட்கிறா, ஆளைக் குழப்பத்தான். அக்கா குழம்பவில்லை. கண்ணாடி, சிக்னல், தோள். இடப்பக்கம் திரும்பினா.

"வலப்பக்கம் என்றேன்" என்று சோதகர் மறுபடி சொன்னா. அக்கா மனதுக்குள் சிரித்தாவாம். இரண்டாம் தரமும் கேட்டுப் பார்க்கிறா, நான் விழமாட்டேன் என்று.

வீதியின் நடுவில் செம்மஞ்சள் பீப்பாய்கள். நோட்ஸில் பீப்பாய் இல்லை. இரண்டு பீப்பாய்களுக்கு நடுவால் அழகாக உள்ளே போனா. தொப்பிக்காரக் கிழவர் கதிரையை விட்டு எழுந்து இரண்டு கையையும் ஆட்டினார். அவரைக் கண்டதும் வேகத்தை நாற்பதுக்குக் குறைத்தா. வேலையாட்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அக்கா நிற்கவில்லை, ஏனென்றால் அடுத்த படி பாக்கி இருந்தது. "மூன்றாவது மேப்பிள் மரத்தடியில் இரண்டு வாகனங்களுக்கு நடுவே பக்கவாட்டில் நிறுத்தவும்." மூன்றாவது மேப்பிள் மரத்தடியில் அன்று நின்றவை ஒரு மண் கிண்டும் இயந்திரமும் ஒரு கல் ஏற்றும் லொறியும். இரண்டுக்கும் நடுவில் ஒரே தரத்தில், விளிம்பிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சில்லு நேராக, காரைப் பின்பக்கமாக விட்டு நிறுத்தினா. இடது பக்கம் ஆறடி ஆழக் கிடங்கு.

அந்த மாதிரி ஒரு பார்க்கிங்கைத் தன் உத்தியோக வாழ்க்கையில் கண்டதில்லை என்று சோதகரே ஒப்புக்கொண்டா. ஒப்புக்கொண்டுதான் பெயிலாக்கினா.

"ஏன் இடப்பக்கம் திரும்பினாய்?" என்று கிடங்கடியில் வைத்துக் கேட்டிருக்கிறா. அக்காவுக்குத் தன்மேல் பிழை என்ற எண்ணமே இல்லை. "மை சேர் சே லெஃப்ட்" என்று சொல்லி, ஆதாரமாகக் கைப்பையைத் திறந்து நோட்ஸை எடுத்து நீட்டியிருக்கிறா.

நான் சுவரில் இருந்த பாதுகாப்பு அறிவித்தலை நாலாம் தரம் வாசித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. முன்னால் சோதகர். அவவின் கையில் என் பதினொரு பக்கம். பின்னால் மலர் அக்கா, முகத்தில் இன்னும் சிரிப்பு மிச்சம் இருந்தது. பெயில் என்று சொன்னதையும் சோதனையின் ஒரு பகுதி என்றே நினைத்திருந்தா போல.

சோதகர் என் முன்னால் வந்து நின்று ஏழாம் பக்கத்தை விரித்தா. அவவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கொண்டையும் கண்ணாடியும் எந்த மொழியிலும் கொண்டையும் கண்ணாடியும்தான். படத்துக்குக் கீழே "சிரிக்கமாட்டா, தலையை நன்றாகத் திருப்பிக் காட்டவும்" என்று எழுதியிருந்தேன்.

"இது நானா?" என்று கேட்டா.

நான் படத்தைப் பார்த்தேன், அவவைப் பார்த்தேன். கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டேன்.

"இவவுக்கு நீ யார்?"

"தம்பி" என்றேன். வாய் பழகிவிட்டது.

"போன செவ்வாய்க்கிழமை ஒரு வயதானவருக்கு அண்ணனாக வந்தாய். அதற்கு முதல் கிழமை இரண்டு பேருக்கு. உன் குடும்பத்தை நான் கொஞ்ச நாளாகக் கவனிக்கிறேன். எல்லோரும் ஒரே வீட்டு முற்றத்தடியில் ஒரே மாதிரித் தலையைத் திருப்புகிறீர்கள். பரம்பரை வியாதியோ என்று யோசித்தேன்."

பிறகு பக்கத்தின் அடியில் இருந்த பெயரையும் பட்டத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் விரலால் தொட்டுக் காட்டினா. அனுமதி இல்லாமல் பழக்குவது குற்றம், இனி யாருக்கும் உறவினனாக இந்த வாசலில் கண்டால் பொலிசைக் கூப்பிடுவேன் என்றா. நோட்ஸைத் திருப்பித் தரவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். கார் தரிப்பிடத்தில் நிற்கும்போதுதான் மலர் அக்காவுக்கு எல்லாம் விளங்கியது.

"அப்ப பெயில் எண்டது மெய்யா சேர்?"

"ஓம் அக்கா."

"அவ வலப்பக்கம் எண்டது உண்மையா வலப்பக்கமா?"

"ஓம்."

அக்கா கைப்பையை மூடினா. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்க சொன்னதைத்தானே செஞ்சன்" என்று மட்டும் சொன்னா. அந்தக் குரல் இன்றைக்கும் எனக்குப் பிடிக்காத ஒரு குரல். ஏனென்றால் அதில் கோபம் கொஞ்சமும் இல்லை.

"அக்கா, திங்கள் நான் கொண்டுபோய் விடுறன். நீங்கள் பாசாகும்வரை தினமும் நான் கொண்டுபோறன். உங்கட வேலை போகாது" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்பது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை சாந்தி கேட்டாள்: "விட்பிக்கு நாலு நூற்று ஒண்டு ஹைவேயால எல்லே போகவேணும்? நீங்கள் ஹைவேயில ஓடினனீங்களோ?"

"ரோட்டெண்டால் ரோட்டுத்தானே."

அவள் அன்றைக்குக் குசினிக்குப் போகவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திங்கள் காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். அரைமணி நேர ஓட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் கையில் இருந்தது. அக்கா ஒரு புதுக் கோட்டுப் போட்டிருந்தா, மடியில் சாப்பாட்டுப் பெட்டி. ஹைவேயில் ஏறும் முதல் வாயில் வந்தது. வாகனங்கள் சரம் சரமாக உள்ளே பாய்ந்துகொண்டிருந்தன. பார்த்ததும் என் கால் தானாகவே பிரேக்கை அழுத்தியது. விட்டுவிட்டேன். பாலத்தைத் தாண்டினால் இன்னொரு வாயில், அதில் நெரிசல் குறைவு. ஹைவே ஒன்றுதானே, கோயிலுக்கு எந்த வாசலால் போனாலும் சாமி ஒன்றுதான் என்று அதில் ஏறினேன்.

ஏறியதும் எனக்கு முன்னால் ஒரு பெரிய பாரவண்டி. அதன் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். அது போன பக்கமெல்லாம் நானும் போனேன். அது நடு லேன்களுக்குள் நுழைந்தது, நானும் நுழைந்தேன். அந்த நடு லேன்களுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர், அவற்றிலிருந்து நினைத்த இடத்தில் வெளியே வர முடியாது என்பதெல்லாம் எந்த நோட்ஸிலும் இல்லை. இரண்டு பக்கமும் வாகனம். லேன் மாறுவதென்றால் கண்ணாடி, சிக்னல், தோள். என் தோள் திரும்ப மறுத்தது.

கொஞ்ச நேரத்தில் மலர் அக்கா பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னா:

"சேர், பின்னால விடியுது."

"என்னக்கா?"

"வெளிச்சம் பின்னால வருது. விட்பி கிழக்குப் பக்கம் எண்டுதானே சொன்னீங்க?"

நான் ரியூசன் மாஸ்டர் அல்லவா? சூரியன் சொல்வதை ஏற்பேனா?

"இஞ்சத்தை ஹைவே வளைஞ்சு வளைஞ்சுதான் போகும் அக்கா. போகப் போக முன்னுக்கு வரும்."

முன்னுக்கு வரவில்லை. கண்ணாடியில் வானம் மஞ்சளாகி, சிவப்பாகி, கடைசியில் முழுச் சூரியனும் எங்களுக்குப் பின்னால் எழும்பி, என்னுடைய கண்ணிலேயே அடித்தது. வாகனங்கள் நெருக்கி நெருக்கி நின்றன. பாரவண்டி ஒருபடியாக வெளியே போகும் லேனுக்கு மாறியது, நானும் அதன் பின்னால் வெளியே வந்தேன். பலகையில் ரெக்ஸ்டேல் என்றிருந்தது. நகரத்தின் மற்ற முனை, மேற்கு. பாலத்துக்கு அங்கால் நான் ஏறியது மேற்கே போகும் வாயில். நேரம் ஏழு முப்பத்தைந்து.

"விட்பிக்குப் போற வழியில ரெக்ஸ்டேல் வருமா சேர்?" என்று அக்கா கேட்டா. நக்கல் இல்லை. உண்மையாகவே கேட்டா.

ஒரு கடைத் தரிப்பிடத்தில் காரை நிறுத்தினேன். நிறுத்திவிட்டேனே தவிர, ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்களை எடுக்க முடியவில்லை. அழுகை வந்தது. முப்பத்து மூன்று வயது ஆம்பிளை, பட்டதாரி, ரெக்ஸ்டேலில் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். "எனக்கு ஓடத் தெரியாதக்கா. அந்த ரெண்டு பாதையைத் தவிர எனக்கு ஒண்டும் தெரியாது" என்றேன். இருபத்தேழு பேரை ஏமாற்றியதை இருபத்தெட்டாவது ஆளிடம்தான் ஒப்புக்கொண்டேன்.

அக்கா சாப்பாட்டுப் பெட்டியைப் பின் சீற்றில் வைத்தா. காரைச் சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்தா.

"இறங்குங்க சேர். அங்கால இருங்க."

பழகுநர் அனுமதி அவவிடம் இருந்தது, பக்கத்தில் லைசென்ஸ்காரன் நான் இருந்தேன். ஹைவேக்கு அது செல்லுமா என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை. அக்கா சூரியனைப் பார்த்தா. அதை நோக்கிக் காரைத் திருப்பினா. ஹைவேயில் ஏறும்போது தோளைத் திருப்பி ஒரே பார்வை, நடுவில் இருந்த சின்ன இடைவெளிக்குள் கார் போய் இருந்தது. நான் கைப் பிரேக்கில் கையை வைத்தேன். "கையை எடுங்க சேர்" என்றா. எடுத்தேன்.

"எங்கயக்கா பழகினீங்கள்?"

"ஊரில ட்ரக்டர் ஓட்டின நான். அவர் இல்லாமப் போன பிறகு மூணு போகம் நான்தான் உழுதன். நெல்லு மூட்டையோட டவுனுக்கும் போவன். வழியில செக் பொயின்ற், கிடங்கு, மாடு எல்லாம் இருக்கும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்க கேக்கல்லையே. முதல் நாளே புத்தகத்தைத் தந்து பாடமாக்கச் சொன்னீங்க. ட்ரக்டருக்குச் சோதனை இல்ல. சோதனையெண்டா ரோட்டைப் பாக்கப்படாது, சேர் சொல்றதைத்தான் பாக்கணும் எண்டு நினைச்சன்."

விட்பி வரும்வரை நானும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவ்வளவு நன்றாக ஓட்டியும் என்ன? ரெக்ஸ்டேல் ரெக்ஸ்டேல்தான், விட்பி விட்பிதான். நடுவில் முழு நகரமும் திங்கட்கிழமை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. தொழிற்சாலை வாசலில் காரை நிறுத்தும்போது எட்டு ஐம்பத்தைந்து. அக்கா கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு உள்ளே போனா. பத்து நிமிஷம் இருக்கும். அதே நடையில் திரும்பி வந்தா.

"எட்டரை வரைக்கும் பாத்தாங்களாம். பிறகு வேற ஆளைப் போட்டுட்டாங்களாம்."

நான் இறங்கிப்போய்ப் பேசுகிறேன் என்றேன். "வேணாம் சேர்" என்றா. காரில் ஏறித் திறப்பைச் சாவித் துவாரத்தில் போட்டா. பின் சீற்றில் இருந்த சாப்பாட்டுப் பெட்டியை எடுத்து, திறந்து, அதில் இருந்த ரொட்டியில் பாதியை எனக்குத் தந்தா. இரண்டு பேரும் அந்த வாசலில் இருந்து சாப்பிட்டோம். பிறகு காரை எடுத்து வெளி வீதிக்கு வந்து நிறுத்தினா. இரண்டு பக்கமும் பார்த்தா. என்னைப் பார்த்தா.

"சேர், இடமா வலமா?"

நான் சூரியனைத் தேடினேன். முதலில் அக்காதான் சிரித்தா. என்ன சிரிப்பு அது! கண்ணால் தண்ணீர் ஓட ஓட, ஸ்டியரிங்கில் கையால் அடித்து அடித்துச் சிரித்தா. நானும் சிரித்தேன். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடிக்கும்வரை அப்படியே நின்றோம். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் அக்கா நோட்ஸும் மாஸ்டரும் இல்லாமல், தனியாகப் போய், அதே கண்ணாடிக்காரச் சோதகரிடம் பாஸாகினா. நான் கார் பழக்குவதை விட்டுவிட்டு ஒரு உண்மையான ஓட்டுநர் பள்ளியில் காசு கட்டிப் பழகினேன். எனக்குப் பழக்கியவர், "உனக்கு லைசென்ஸ் யார் தந்தது?" என்று கேட்டார்.

இப்போது மலர் அக்கா விட்பியிலேயே சொந்த வீட்டில் இருக்கிறா. எங்கள் வீட்டுக்கு வருகிற நாளெல்லாம் சந்தியில் நின்று தொலைபேசி எடுப்பா. "சேர், இடமா வலமா?" என் மகள் அதை ஸ்பீக்கரில் போடுவாள். நான் காரில் எங்காவது தடுமாறினால், "அப்பா, வட் டூ த நோட்ஸ் சே?" என்று பின் சீற்றிலிருந்து குரல் வரும். சொந்தக்காரர் கூடுகிற இடங்களில் கொக்கு வீடு, கொண்டை, கிடங்கடிப் பார்க்கிங், ரெக்ஸ்டேலில் உதித்த சூரியன் எல்லாம் வரிசையாக வரும். சாந்திதான் சொல்வாள், என்னைவிட நன்றாகச் சொல்வாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அக்காவுக்கு அடுத்த நிரந்தர வேலை கிடைக்க அந்த மாரிகாலம் முழுதும் போய்விட்டது. கடிதம் பிந்தியது, படிவம் பிந்தியது. பிள்ளைகள் இரண்டு பேரும் நினைத்ததிலும் பதினாலு மாதம் பிந்தித்தான் ரொறொன்ரோவுக்கு வந்தார்கள். விமான நிலையத்துக்கு அக்காதான் கார் ஓட்டினா. நான் பக்கத்தில் இருந்தேன். வெளியே வந்த சின்னவன் தாயை அடையாளம் தெரியாமல் தமக்கையின் பின்னால் ஒளித்தான்.

சாந்தி கதை சொல்லும்போது இதை மட்டும் விட்டுவிடுவாள். அக்காவும் சொல்வதில்லை. சின்னவனுக்கு இப்போது தலைமயிரே நரைக்கத் தொடங்கிவிட்டது, கொக்கு வீட்டுக் கதை வந்தால் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பவன் அவன்தான். அவன் சிரிக்கும்போது நான் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.